சாபிர் நடக்கத் தொடங்கினான்

வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், 'சாபிர் நடக்கத் தொடங்கினார்' என்று வந்திருக்கிறது.

சாபிரைப் போன செப்டம்பரில் புதைத்தாயிற்று. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் உட்கார்ந்து மற்றவர்களோடு நானும் குரல் கொடுத்து அழுதேன். இது ஜூன் மாதம். இடையில் இதே செய்தி ஓர் இருநூறு தடவையாவது வந்திருக்கும். ஏன் வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

எங்கள் மலையூர் அக்-சூவில் ஒருவர் இறந்தால், உடலைக் கழுவியவர்களுக்கு இறந்தவரின் உடுப்பையும் உடைமையையும் பிரித்துக் கொடுத்துவிடுவோம். சாபிரைக் கழுவியவர்கள் ஐந்து பேர். ஒருவருக்குக் கோட்டு, ஒருவருக்குக் குல்லா என்று போக, குதிரைக்கார ஜூமாஷ் அண்ணனுக்குக் கைக்கடிகாரம் வந்தது. அது சாதாரணக் கடிகாரம் இல்லை. கால் ஒடிந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரைச் சாபிர் முதுகில் சுமந்து இறக்கியதற்காக அவர் அனுப்பி வைத்தது. எங்கே நிற்கிறோம் என்று வானத்தைக் கேட்டுச் சொல்லும். போக வேண்டிய தடத்தை அம்பு போட்டுக் காட்டும். நாடித்துடிப்பு எண்ணும். டவரே இல்லாத மலையிலிருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாக அனுப்பும், குட்டிக் குட்டிச் செய்தி வாங்கும், கொடுக்கும். இதையெல்லாம் பார்க்கச் சாபிர் இரண்டு பேரைத்தான் சேர்த்து வைத்திருந்தான். ஒன்று அவன் மனைவி அக்மாரல். இன்னொன்று, அவனோடு ஆறு வருஷம் மலைவழிகாட்டியாக வேலை பார்த்த நான்.

ஜூமாஷ் அண்ணன் கடிகாரத்தில் பெயரை மாற்றவில்லை, அதனால் அவர் நடந்தாலும் சாபிர் நடப்பதாகத்தான் எங்களுக்கு வருகிறது. அதற்குள் ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நான் மாற்றித் தருகிறேன் என்று குளிர்காலத்தில் சொன்னபோது அக்மாரல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி பெரிசாத்து. காலையில எந்திரிச்சா அவரு கெளம்பிட்டாருன்னு போன் சொல்லுது. சாயங்காலம் நின்னுட்டாருன்னு சொல்லுது. உசுரோட இருந்தப்ப அதக்கூட அவரு எங்கிட்டச் சொன்னதில்ல."

பெயரை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூமாஷ் அண்ணனுக்கு அந்தக் கடிகாரத்தோடு தினமும் சண்டை. மார்ச்சில் சந்தையில் பார்த்தபோது அத்தனை பேர் நடுவில் கையை நீட்டிப் புலம்பினார்.

"இங்க பாரு தங்கச்சி. ஒக்காந்தா எந்திரிங்குது. எந்திரிச்சா பத்தாது, இன்னும் நடங்குது. நேத்து காலையில சொல்லுது, நீ சரியா தூங்கலையாம். அம்பத்தாறு வயசுல என் பொண்டாட்டி கேக்காத கேள்விய இது கேக்குது!"

"வேண்டாம்னா கழட்டிருங்க அண்ணே."

"கழட்டவா? சும்மா கெடைச்சதா இது?" அவர் குரல் இறங்கிவிட்டது. "கழுவுறப்ப நாலு பேரும் இதுல கை வைக்கல தெரியுமா. செத்து ரெண்டு நாள். மணிக்கட்டு கல்லு மாதிரி கெடக்கு. இது அம்பத்திரண்டுன்னு துடிப்பு காட்டுது. நான்தான் கண்ண மூடிக்கிட்டு கழட்டினேன்."

சும்மா ஒரு துணியில் சுற்றி வைத்தால்கூட இந்தக் கடிகாரங்கள் எதையாவது எண்ணிக் காட்டும், அது கருவியின் கோளாறு என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. சாபிரின் நாடி எப்போதும் ஐம்பத்திரண்டுதான் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்று மட்டும் இல்லை.

மலைவழிகாட்டி வேலையில் தடம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. நடந்து பதிந்த தடத்தை எங்கள் பயணக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டால், யார் வேண்டுமானாலும் கடிகாரத்தில் இறக்கிக்கொண்டு அதன் மேலேயே நடக்கலாம். மூன்று வருஷம் முன்பு பன்னிரண்டு தடம் கேட்டார்கள். பதினொன்றை முழுசாக நடந்தேன். பன்னிரண்டாவதில் தெஷிக் கணவாய்க்குக் கீழே ஓர் அறுநூறு மீட்டர் மட்டும் பாக்கி. அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது, எனக்குச் சளி. இதெல்லாம் சாக்கு. சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் பார்த்தேன். சரிவில் வெளுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. ஆடுகள் போட்ட வழியாக இருக்கும் என்று அதன் மேல் ஆறு இடத்தில் தட்டினேன். ஆறு புள்ளியும் சேர்ந்து கோடாகிவிட்டது. நடந்த தடம் கல்லைச் சுற்றும், மூச்சு வாங்க நிற்கும், நெளியும். என் கோடு நறுக்கென்று நேராக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கீற்று ஆட்டுவழி இல்லை. பாறை விளிம்பு. அது முடியும் இடத்தில் மலையும் முடிந்துவிடுகிறது. வெயில் நாளில் குருடன்கூட மேல் வழியாகத்தான் போவான். மூட்டம் இறங்கிவிட்டால் காலடி தெரியாது, கையிலிருக்கும் அம்பு மட்டும்தான் தெரியும். போன செப்டம்பரில், பயணிகள் விட்டுவிட்டு வந்த ஒரு கூடாரத்தை எடுத்து வரச் சாபிர் தனியாகப் போனான். விளிம்புக்கு நேர் கீழே கிடந்தான். பனிமூட்டம் கொன்றுவிட்டது என்று ஊரே சொன்னது. நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அன்றைக்கே கம்பெனியின் பக்கத்திலிருந்து அந்தத் தடத்தை அழித்துவிட்டேன். சாபிரின் கடிகாரத்துக்குள் இருப்பதை நான் எங்கே போய் அழிப்பது? கடிகாரத்தைக் கொடு என்றால், ஏன் என்று கேட்பார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் கிளம்பும் ஐந்து பேருக்காகக் கம்பெனியின் சாமான் அறையில் அரிசியும் சூப்புப் பொட்டலமும் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. புள்ளி, ஜூமாஷ் அண்ணன் கோடைக்குக் கூடாரம் போடும் மேய்ச்சல் வெளியிலிருந்து கிளம்பியிருந்தது. குதிரை தேடப் போகிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஆற்றைத் தாண்டிவிட்டது. பதினொன்றுக்குப் புல் முடிந்து சரளைக்கல் தொடங்கும் இடத்துக்கு மேலே இருந்தது. அங்கே எந்தக் குதிரைக்கும் வேலை இல்லை.

அக்மாரல் கூப்பிட்டாள். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம். வெள்ளிக்கிழமை அல்லவா, இறந்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று மாவு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி? இன்னைக்கு ரொம்ப மேல போயிட்டாரு."

"ஜூமாஷ் அண்ணன்தானே அக்கா."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சா பாக்கக்கூடாதா?" என்று சிடுசிடுத்தாள். பிறகு மெதுவாக, "தெஷிக்குப் பக்கம் போறாரு பெரிசாத்து. ஏன் அங்க போறாரு?" என்றாள்.

ஒன்றும் இருக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பதினொன்று நாற்பதுக்குப் புள்ளி மேல் வழியை விட்டு இறங்கி, என் கோட்டின் முதல் முனையில் வந்து உட்கார்ந்தது.

நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. மூட்டத்தில் வழி தப்பியவர் கடிகாரத்தில் எதையோ அமுக்கியிருக்கிறார். அது பழைய தடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. நாற்பது வருஷம் மலை ஏறியவர்தான். ஆனால் அந்த வெள்ளைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நாற்பது வருஷமும் அங்கே செல்லாது, அம்பு காட்டினால் அம்பின் பின்னால்தான் கால் போகும்.

போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஜூமாஷ் அண்ணே, நில்லுங்க. திரும்பி வாங்க. பெரிசாத்.' போய்ச் சேர்ந்தது என்று அடையாளம் வந்தது. பதினொன்று ஐம்பதுக்குப் புள்ளி இருநூறு மீட்டர் முன்னால் போயிருந்தது. இம்மி பிசகாமல் கோட்டின் மேல்.

'அந்த வழி சரியில்லை. மேல் வழியாகப் போங்க' என்று அனுப்பினேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்குக் கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது.

மீட்புக்குழுவைக் கூப்பிடலாம். அவர்கள் ஏறிப்போக நான்கு மணி நேரம் ஆகும். புள்ளிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். ஏன் நிற்க வேண்டும் என்று காரணம் சொன்னால்தான் அந்த ஆள் நிற்பார், பிடிவாதக்காரர். காரணத்தை எழுதினால் அது அக்மாரலின் போனிலும் விழும். புருஷனின் கணக்கு மொத்தமும் அவள் போனில் திறந்தே கிடக்கிறது, அந்தக் கடிகாரத்துக்கு வரும் ஒவ்வொரு எழுத்தையும் அவள் படிப்பாள்.

மறைக்க மாட்டேன், யோசித்தேன். ஒருவேளை அவருக்கு விளிம்பு கண்ணில் பட்டுவிடுமோ என்று யோசித்தேன். காற்றடித்து மூட்டம் விலகிவிடாதா என்று ஜன்னலைப் பார்த்தேன். ஒரு மனுஷன் அங்கே சாவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான், நான் இங்கே என் மானத்தை அளந்துகொண்டு முழுசாக ஐந்து நிமிஷம் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு எழுதினேன். 'நில்லு. அந்தக் கோடு பொய். நான் அங்கே நடந்ததே இல்லை. வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். முன்னால் பள்ளம். சாபிர் விழுந்தது என் கோட்டால்தான்.'

போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டு பத்துக்குப் புள்ளி விளிம்பிலிருந்து முப்பது அடியில் இருந்தது. பன்னிரண்டு இருபதுக்கும் அதே இடத்தில். பன்னிரண்டரைக்கும் அங்கேயே. அப்படியே அரிசி மூட்டை மேல் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். நின்றுவிட்டார், ஆள் பிழைத்துவிட்டார். என் கதி என்ன ஆனாலும் ஆகட்டும்.

அப்போது போன் சிணுங்கியது. கடிகாரத்திலிருந்து பதில். ஒரே ஒரு வார்த்தை.

'தெரியும்.'

அழுகை நின்றுவிட்டது. அந்தக் கடிகாரத்தில் சாபிர் எழுதி வைத்திருந்த பதில்கள் நான்கு: 'நலம்', 'தாமதமாகும்', 'டீ போடு', 'உதவி வேண்டும்'. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பொடிப் பொத்தான்களை அமுக்கி ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜூமாஷ் அண்ணனுக்கு அதில் நேரம் மாற்றக்கூடத் தெரியாது.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன தங்கச்சி, பன்னெண்டு தடவ கூப்பிட்டிருக்க? வீடு கீடு பத்திக்கிச்சா?"

"அண்ணே! அந்த எடத்தவிட்டு அசையாதீங்க. அப்படியே திரும்பி வந்த வழியே..."

"எங்கேந்து அசைய? பாறை மேல நிக்கிறேன், இங்கதான டவர் கெடைக்குது. கீழ பொம்பளைங்க பால் கறந்துட்டிருக்காங்க. இப்பத்தான் சாப்ட்டு வரேன். என்ன ஆச்சு ஒனக்கு?"

"கூடாரத்துலயா இருக்கீங்க? அப்ப கடிகாரம்?"

அவர் சிரித்தார். "அத ஏன் கேக்குற. கையில கட்டினாத்தான வையுது? முந்தாநாள் மருமகன் சொன்னான், குதிரைக் கழுத்துல கட்டுங்க மாமா, தொலைஞ்சா புள்ளிய வெச்சுத் தேடிக்கலாம்னு. நல்ல யோசனதான். மூத்த குதிரை கழுத்துல வாரு போட்டுக் கட்டிட்டேன். இப்ப அதப் போயி எந்திரி ஒக்காருன்னு சொல்லட்டும்!"

"அந்தக் குதிரை எங்க?"

"கண்ணு முன்னால நிக்குது. குட்டியத்தான் பகல் பூரா கயித்துல கட்டி வெச்சிருக்கோமே, குட்டிய விட்டுட்டு அது எங்க போவும்?"

"அண்ணே, கழுத்தப் பாருங்க."

அவர் கீழே யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். பதில் வர நேரமானது.

"வார் இல்லையாமே," என்றார். "நேத்து சாயங்காலம் நானே பாத்தேன். இருந்துச்சு. எவனோ திருட்டுப்பய அறுத்துட்டான்."

"திருடிட்டு தெஷிக்குக்கா அண்ணே ஏறுவான்? காலையிலேந்து புள்ளி அங்கதான் போயிட்டிருக்கு. இப்ப விளிம்புல நிக்குது. யாராச்சும் அந்தப் பக்கம் மேல போனாங்களா?"

"எங்களத் தாண்டாம யாரும் மேல போவ முடியாது. ஒருத்தரும் போகல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாயி மட்டும் காலையில, டீ குடிக்கிற நேரம், வாலாட்டிக்கிட்டே கொஞ்ச தூரம் மேல ஓடுச்சு. யாரையோ வழியனுப்பிட்டு வர மாதிரி திரும்பி வந்துச்சு. அது அறிமுகம் இல்லாதவனுக்கு வாலாட்டாது தங்கச்சி."

அவர் இறைவன் பேரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நகரத்துக்குப் போகும் வண்டி அரை மணிக்கு ஒன்று. ஆனால் கால் அக்மாரல் வீட்டுப் பக்கம்தான் போனது. ஏற்கெனவே படித்திருப்பாள். அவள் தேடி வந்து கேட்பதைவிட நானே போய் நிற்பது மேல்.

கதவு திறந்திருந்தது. மேஜை மேல் பொரித்த மாவுத்துண்டுகள் மலை போலக் குவிந்திருந்தன. ஜாம், பாலாடை, டீக் கிண்ணம் எல்லாம் அதது இடத்தில். அவள் கை துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள், முன்னால் போன்.

"ஒக்காரு," என்றாள்.

"அக்கா..."

"படிச்சேன்."

அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் போனை என் பக்கம் தள்ளினாள்.

"பாரு."

ஒன்பது மாதமாக அவள் அந்தக் கடிகாரத்துக்கு எழுதியவை. 'சாப்பிட்டீங்களா?' 'சின்னவளுக்குப் பல்லு விழுந்துடுச்சு.' 'இன்னைக்கு உங்க கோட்டு மாதிரியே ஒரு கோட்டு போட்டு ஒருத்தர் போனாரு, பின்னாலயே போயிட்டேன்.' 'அங்க குளிருதா?' விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது என்று அடையாளம். ஜூமாஷ் அண்ணன் கையில்தான் இதெல்லாம் வந்திருக்கும், அவர் யாரிடமும் வாயே திறந்ததில்லை. ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

"ஒரு நாள் விடாம எழுதினேன்டி. கட்டினவ நான். எனக்கு ஒரு எழுத்து வரல. ஒனக்குப் பதில் வந்திருக்கு."

"அக்கா, அது யாரு கையில இருக்குன்னே தெரியல. ஜூமாஷ் அண்ணன் கையில இல்ல. அவரு குதிரை கழுத்துல..."

"தெரியும். எனக்கும் போன் பண்ணிட்டாரு." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவும் எண்ணெயுமாக அந்தக் கை கொதித்தது. "எழுது."

"என்னன்னு?"

"வீட்டுக்கு வரச் சொல்லு. நான் கூப்பிட்டு வரல. நீ கூப்பிடு. நீதான அனுப்பி வெச்ச."

நான் எழுதினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? 'சாபிர், வீட்டுக்கு வா.' பிடித்த கையை அவள் விடவில்லை. போய்ச் சேர்ந்தது. ஒன்று பத்து.

ஒன்று இருபதுக்குப் புள்ளி விளிம்பை விட்டுத் திரும்பியிருந்தது. ஒன்றரைக்குக் கோட்டின் பாதிக்கு வந்துவிட்டது. அடுத்து மேல் வழி. புள்ளி மேய்ச்சல் வெளியைக் கடந்தபோது ஜூமாஷ் அண்ணன் விடாமல் கூப்பிட்டார். நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

அக்மாரல் எழுந்து முகம் கழுவினாள். வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியைத் தலையிலிருந்து அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். பிள்ளைகளை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். கெண்டியில் தண்ணீர் ஏற்றினாள். அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து ஊதித் துடைத்து வைத்தபோது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், வேறெதுவும் இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

நான்கு ஐம்பதுக்குப் புள்ளி ஆற்றுப் பாலத்தில் இருந்தது. பாலத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் பத்து நிமிஷ நடை.

"அக்கா, நான் கெளம்புறேன்," என்றேன்.

"எங்க?" அவள் டீயை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அவரு வரட்டும். எழுதினா ஆச்சா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

வெளியே வேலிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பூட்ஸை வாசலில் தட்டி மண் உதிர்க்கும் சத்தமும் கேட்டது. நான் எழுந்து நின்று, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.